மண்ணில் வாழும் அமீபாவும் நோய் தரும் பூசணங்களும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே வரும் மின்சார ரயிலில், தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானட்டோரியம். இப்பெயரைத் தந்தது அங்குள்ள மருத்துவமனையாகும். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928-ம் ஆண்டு, டாக்டர் சவுரிமுத்து என்பவர் நல்ல காற்றும் மர நிழலும் உள்ள இடமாகப் பார்த்து இதனை நிறுவினார். 1937-ல் இது அரசின் கைக்கு வந்தது. இப்போது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்ற பெயரில் இயங்கி வருகிறது.

நம் நாட்டில் எய்ட்ஸ் நோய்க் கிருமி முதன்முதலாக 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. 1993 முதல் அந்நோயாளிகளை இம்மருத்துவமனை சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. பல இடங்களில் அவர்களைத் தொடவே தயங்கிய காலம் அது. 2004 ஏப்ரல் முதல் நாளில் அரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. அங்கு வந்தவர்களில் பலரைக் காசநோய் வாட்டியது. சிலருக்கோ, வாரக்கணக்கில் தீராத தலைவலியும் காய்ச்சலும் வாந்தியுமாகத் தொடங்கி, மூளையைச் சுற்றியுள்ள உறை வீங்கி உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. இதற்குக் காரணம் பாக்டீரியா அன்று, வைரசும் அன்று. கிரிப்டோகாக்கஸ் என்னும் ஒரு பூசணம்.

உழவர்களுக்கான இதழில் மருத்துவமனைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பூசணத்தின் சொந்த ஊர் நம் காலடி மண்ணே என்பதுதான் காரணம். மண்ணைப் புரட்டி வாழ்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் உள்ளது.

பூசணத்தின் இருப்பிடம்

1894-ம் ஆண்டில் இத்தாலியில் சான்பெலிசே என்பவர் பழச்சாற்றில் இதனைக் கண்டார். ஆயினும் இது எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. அமெரிக்காவில் எம்மன்ஸ் என்பவர் 1951-ல் பண்ணை மண்ணிலிருந்தும், 1955-ல் புறாக்களின் எச்சத்திலிருந்தும் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். சென்னையில் பறவை எச்சத்தை ஆராய்ந்தவர்களும் இதனைக் கண்டுள்ளனர். இதன் உறவினமான மற்றொரு வகை ஆஸ்திரேலியாவில் தைலமரத்திலும், பின்னர் 1997-ல் பஞ்சாபில் அதே மரத்திலும் கண்டறியப்பட்டது. டெல்லியில் நாவல் மரத்தின் உளுத்துப்போன பொந்துகளிலும் அகப்பட்டது. இதைப் படித்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கும் நாவலை வெட்டிவிட வேண்டாம். நாம் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் இதைச் சுவாசித்திருப்போம். உடலில் எதிர்ப்புச் சக்தி உள்ளவரை பெரும்பாலோரை அது ஒன்றும் செய்வதில்லை.

இப்போது ஒரு கேள்வி. இந்தப் பூசணம் ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்குத் தொற்றுவதில்லை. மனித உடலுக்குள் புகுந்துவிட்டால் அதன் வம்சம் அந்த உடலோடு முடிகிறது. அப்படியிருக்க, மனித உடலை வெல்லும் ஆயுதங்கள் அதனிடம் எப்படி வந்தன? நம் இரத்தத்தில் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் வெள்ளை அணுக்கள் உள்ளன. இந்தப் பூசணத்தை அவை விழுங்கினால், அது உள்ளேயே உயிரோடிருந்து பெருகுகிறது. சில வேளைகளில், விழுங்கிய அணுவைக் கொல்லாமலே வெளியேறியும் விடுகிறது. இது 2006-ல் கண்டறியப்பட்டது. பயனில்லாத இடத்தில் இத்தனை தேர்ச்சி எதற்கு?

களையெடுப்பில் ஓர் எடுத்துக்காட்டு

விடைக்குப் போகுமுன் நெல் வயலைச் சற்று நினைத்துப் பாருங்கள். வயலில் வரும் குதிரைவாலிப் புல் இளம் பருவத்தில் நெற்பயிரைப் போலவே நிற்கும். கைதேர்ந்த பெண்களே தண்டைப் பிரித்துப் பார்த்துத்தான் பிடுங்குவார்கள். இந்தச் சாயல் எப்படி வந்தது? பல நூறாண்டுகளாகக் களையெடுப்பவர்கள், நெல்லுக்கு மாறாகத் தெரிந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். நெல்லைப் போலத் தோன்றியவை கண்ணுக்குத் தப்பின. அவையே விதை உதிர்த்தன. நெல்லைப் போல நிற்க வேண்டும் என்று புல் முடிவு செய்யவில்லை. களையெடுத்த கையே அதை அவ்வாறு தேர்ந்தெடுத்துவிட்டது.

மண்ணுக்குள்ளும் இவ்வாறு ஓயாமல் களையெடுக்கும் கைகள் உள்ளன. ஒரு கிராம் வளமான மண்ணில் ஆயிரக்கணக்கான அமீபாக்களும் பிற ஓரணு உயிர்களும் உண்டு. அமீபாவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஒரே அணுவான தன் உடலையே நீட்டி இரையைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டு செரிக்கிறது. அதன் முக்கிய உணவு பாக்டீரியா. அவற்றைத் தின்று அது கழிக்கும் தழைச்சத்து பயிரின் வேருக்குக் கிடைக்கிறது. அந்த வகையில் அது உழவனுக்கு வேண்டிய உயிர். பாக்டீரியா போக ஈஸ்ட்டுகளையும் பூசண வித்துகளையும் அது விடுவதில்லை. அமீபாவோடு பூசணத்தைத் தின்னும் நூற்புழுக்களும், உண்ணிகளும், மட்கில் துள்ளித் திரியும் மிகச் சிறு பூச்சிகளும் சேர்ந்தே வாழ்கின்றன.

அமீபா இரையை விழுங்கும் முறையையும் நம் வெள்ளை அணு கிருமியை விழுங்கும் முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வளைப்பது, உள்ளிழுப்பது, அமிலப் பையில் இட்டுச் செரிப்பது என எல்லாம் ஒரே வரிசை. அமீபாவிடம் தப்பத் தெரிந்த பூசணத்துக்கு வெள்ளை அணு புதிய எதிரி ஆகாது.

ஆய்வுகள் காட்டியவை

இந்தக் கருத்தை 2001-ம் ஆண்டில் நியூயார்க்கில் ஸ்டீன்பெர்கன், ஷுமன், காசடெவால் ஆகியோர் சோதித்தனர். மண்ணில் சாதாரணமாக உள்ள அக்காந்தமீபா என்னும் அமீபாவோடு கிரிப்டோகாக்கஸைச் சேர்த்து வளர்த்தார்கள். இந்த அமீபாவின் கதையே சுவையானது. 1930-ல் காஸ்டெல்லானி என்னும் மருத்துவர் தட்டில் வளர்த்த ஈஸ்ட்டுக்குள் அழையா விருந்தாளியாக வந்து, அதைத் தின்றுகொண்டிருந்தபோது பிடிபட்டது. அவர் பெயரையே பின்னர் அதற்கு வைத்தனர்.

கிரிப்டோகாக்கஸின் அணு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு அளவே உள்ளது. அதைச் சுற்றி, வெண்டைக்காயின் வழுவழுப்பைப் போல, சர்க்கரைப் பொருளால் ஆன தடித்த உறை ஒன்று உண்டு. இந்த உறை உள்ள பூசணத்தை அமீபா விழுங்கியபோது, பூசணம் உள்ளேயே பெருகி இறுதியில் அமீபாவைக் கொன்றது. உறை இல்லாத வகையை அமீபா எளிதாகச் செரித்தது. பூசணம் சுரக்கும் ஒரு நொதியும், அதன் சுவரில் படியும் மெலனின் என்னும் கருநிறப் பொருளும் இவ்வாறே அமீபாவிடமிருந்து காத்தன. இந்த மூன்றும் மனித உடலில் நோயை முற்றச் செய்யும் ஆயுதங்களே என்பது முன்பே தெரிந்த செய்தி. 2003-ல் அதே குழுவினர், மண்ணில் வாழும் இன்னொரு அமீபா இனத்துக்குள் வளர்ந்து வந்த பூசணம் எலிகளை முன்னினும் கடுமையாகத் தாக்கியதைக் கண்டனர். வெள்ளை அணுவைக் கொல்லாமல் வெளியேறும் வித்தையையும் அது அமீபாவிடம் அப்படியே செய்கிறது என்பது 2010-ல் தெரியவந்தது.

ஆகவே, மனிதனுக்காக இந்தப் பூசணம் எதையும் கற்கவில்லை. கோடானுகோடி தலைமுறைகளாக மண்ணில் தன்னைத் தின்ன வந்தவற்றிடம் பிழைத்ததன் பலன், நம் உடலுக்குள்ளும் அதற்குக் கைகொடுக்கிறது. நாம் அதன் வழியில் தற்செயலாக நிற்கிறோம்.

இவ்வளவும் சரி என்றாலும், அமீபாவிடம் பழகிய பூசணம் எல்லாம் கொடியதாகிவிடும் என்று முடிவு கட்டக் கூடாது. 1978-லேயே ஓக்லஹாமாவில் நீல்சன், ஐவி, புல்மர் ஆகியோர் இதில் ஒரு வேடிக்கையைக் கண்டனர். அமீபாவிடம் தப்பிய பூசணங்களில் சில உருண்டை வடிவை விட்டு இழை போல நீண்டு வளர்ந்தன. நீண்ட இழையை அமீபாவால் வளைக்க முடியவில்லை. ஆனால் அவ்வாறு மாறிய பூசணத்தால் எலிகளுக்குப் பெரிய தீங்கு செய்ய இயலவில்லை. 2021-ல் வெளியான ஆய்வும், தப்பிப் பிழைத்தவை பல வழிகளில் மாறுகின்றன, ஒரு விலங்கில் வலுப்பவை இன்னொன்றில் தளர்கின்றன என்றே காட்டியது. தப்புவதற்குப் பல கதவுகள் உண்டு; அவற்றில் சில கதவுகளே நம் பக்கம் திறக்கின்றன.

அமீபாவிடம் தப்பினால் மட்டும் போதாது. வெப்பத்தையும் தாங்க வேண்டும். நம் உடலின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். 30 முதல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 6 சதவீதப் பூசண வகைகள் வளர முடியாமல் கழிகின்றன என்று 2009-ல் கணக்கிட்டுள்ளனர். பயிரை அழிக்கும் பூசணங்களில் பெரும்பாலானவை நம்மைத் தொடாததற்கு இது ஒரு காரணம். ஆயினும் நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மேல்மண் காயும் காய்ச்சலை நினைத்தால், வெப்பம் பழகுவதற்கும் இங்கு வகுப்புக்குக் குறைவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பயிருக்கும் இது பொருந்துமா?

ஓரளவு பொருந்தும். ஆனால் கவனத்துடன் சொல்ல வேண்டும். நெல்லின் குலைநோய்ப் பூசணம் நெல்லிலிருந்து நெல்லுக்குத் தொற்றி வாழ்வது. அதற்கு ஆசான் நெற்பயிரே. அமீபாவைத் தேட வேண்டியதில்லை. மண்ணில் மட்கைத் தின்று வாழ்ந்து, வாய்ப்புக் கிடைத்தபோது பயிரில் ஏறும் பூசணங்களில்தான் இரைகொல்லிகளின் கைவரிசை நன்றாகத் தெரிகிறது.

இதற்கு நமக்குப் பழகிய சான்று நிலக்கடலையில் உள்ளது. கடலையில் மஞ்சள் கலந்த பச்சை நிறமாகப் படரும் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் அப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. இது ஈரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் காரணமாவது. ஆனால் இந்த இனத்தில் எல்லாமே நஞ்சு சுரப்பதில்லை. ஒரே வயலில் நஞ்சுள்ளதும் நஞ்சில்லாததும் கலந்தே கிடக்கும். நஞ்சைத் தயாரிக்கச் செலவாகும் சத்தை மிச்சப்படுத்தும் வகைதானே வெல்ல வேண்டும்? நஞ்சுள்ள வகை ஏன் அழியவில்லை? 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்பூசணத்தைப் பழ ஈக்களின் புழுக்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தனர். பூசணத்தைத் தின்னவும் அதன் உணவைப் பங்கு போடவும் வந்த புழுக்கள் உள்ள இடத்தில் நஞ்சு சுரக்கும் வகையே மேலோங்கியது. நாம் உண்ணும் கடலையில் நஞ்சு இருப்பது நம்மை எண்ணி வந்ததல்ல. பூச்சிக்கும் பூசணத்துக்கும் உள்ள பழைய வழக்கில் நாம் இடையில் அகப்பட்டிருக்கிறோம்.

இதனால்தான் கடலையில் ஓட்டைத் துளைக்கும் பூச்சிகளையும், பறிக்கும்போது களைக்கொத்து பட்டு உடையும் காய்களையும் சாதாரணமாக எண்ணக் கூடாது என்கிறோம். துளைபட்ட ஓட்டின் வழியேதான் பூசணம் நுழைகிறது. முதிரும் பருவத்தில் வறட்சி தாக்காமல் ஒரு தண்ணீர் கொடுப்பதும், பறித்த காய்களை 8 சதவீத ஈரத்துக்கு உலர்த்துவதும், உடைந்தவற்றையும் சொத்தைகளையும் பொறுக்கி நீக்குவதும் பயன் தரும். பொறுக்கிய சொத்தையை மாட்டுக்கோ கோழிக்கோ போட வேண்டாம். பாலிலும் அந்த நஞ்சின் மாற்றுருவம் வரும்.

மெலனின் பூசிய வித்து எவராலும் வெல்ல முடியாத கோட்டை என்றும் எண்ண வேண்டாம். கோதுமை, பார்லியைத் தாக்கும் ஒரு பூசணம் நெல்லின் பழுப்புப் புள்ளி நோய்ப் பூசணத்துக்கு நெருங்கிய உறவு. அதன் கருத்த, தடித்த சுவருள்ள வித்துகள் மண்ணில் கிடந்தபின் வட்ட வட்டத் துளைகளோடு காலியாகக் காணப்பட்டன. துளையிட்டது யார் என்பது 1977-ல் விளங்கிற்று. மண்ணில் வாழும் பெரிய அமீபாக்கள் வித்தை அணைத்துப் பிடித்து, சுவரை வட்டமாகக் கரைத்து உள்ளிருப்பதை உண்டுவிடுகின்றன. பூசணம் தடித்த சட்டை போட்டால் அமீபா துளைக் கருவி செய்துகொள்கிறது. தொழுவுரமும் மட்கும் இட்டு ஈரம் காத்த மண்ணில் இந்த அமீபாக்கள் செழிக்கின்றன. வித்துகளின் தொகையை அவை குறைக்கின்றன. அதை நம்பி விதைநேர்த்தியை விட்டுவிடும் அளவுக்கு அந்த உதவி பெரிதல்ல.

புறா எச்சமும் கோழி எருவும்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளில் ஏரிப் பாசன நிலங்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. எஞ்சிய நிலங்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் அக்கம்பக்கத்தில் கிடைப்பதே எரு. மாடிகளிலும் கிடங்குகளிலும் புறாக்கள் பெருகிவிட்டதால் அவற்றின் எச்சத்தைக் கூட்டி அள்ளி உரமாக்கும் வழக்கமும் உண்டு. உரமாக அது நல்லதே. ஆபத்து அதன் தூசியில் உள்ளது.

நிழலில், மழை படாமல், மண்ணோடு சேராமல், மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் தடையின்றிப் பெருகும். அங்கே அதைத் தின்ன எதுவும் வருவதில்லை. அதே எச்சம் தரையில் விழுந்து மண்ணோடு கலந்தால் நிலைமை வேறு. பாக்டீரியா, அமீபா, உண்ணி, பிற சிறு உயிர்கள் ஆகியவை அங்கு இப்பூசணத்தைக் கட்டுக்குள் வைக்கின்றன என்று புல்மர் குழுவினர் 1982-ல் எழுதினர். ஆகவே எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்கித் தூசி கிளப்பாமல், முதலில் நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் வாரி எடுக்க வேண்டும். காலியான கூண்டுக்கும் தரைக்கும் சுண்ணாம்பு நீர் அடிப்பது நல்லது. காரத்தன்மை கூடினால் இப்பூசணம் குன்றும் என்பது 1968 முதலே புறாக் கூண்டுகளில் கண்டறிந்த உண்மை.

வாரிய எச்சத்தையும் கோழிக்கூண்டுக் கழிவையும் நேரே பாத்தியில் தூவாமல், காய்ந்த இலை, வைக்கோல், பழைய மட்கு, ஒரு கூடை தோட்ட மண் ஆகியவற்றோடு கலந்து குவித்து மட்கவைக்க வேண்டும். ஈரம் சரியாக இருந்தால் குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேலும் வெப்பம் ஏறும். கிரிப்டோகாக்கஸ் 40 டிகிரியைத் தாண்டினாலே தவித்துப்போகும். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் பியூமிகேட்டஸ் என்ற மற்றொரு பூசணம் அந்தச் சூட்டிலும் வளரும், அமீபாவிடம் தப்பும் வித்தையும் அதற்குத் தெரியும், நுரையீரலைத் தாக்கக்கூடியது. ஆதலால் குவியலைப் புரட்டும் நாளிலும் நீர் தெளித்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், எய்ட்ஸ் கிருமி உள்ளவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்பவர்களும் இவ்வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

2020-ம் ஆண்டில் எய்ட்ஸ் கிருமி உள்ளவர்களில் மட்டும் கிரிப்டோகாக்கஸ் மூளையுறை நோயால் உலகில் சுமார் 1,12,000 பேர் இறந்தனர் என்று மதிப்பிட்டுள்ளனர். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூசணங்களின் பட்டியலில் இது முதல் வரிசையில் உள்ளது. சரியான காலத்தில் கண்டால் மருந்து உண்டு. சிறிதளவு இரத்தத்தில் சிறு பட்டை ஒன்றை வைத்துச் செய்யும் சோதனையில், தலைவலி தோன்றுவதற்குப் பல வாரங்கள் முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். எய்ட்ஸ் கிருமி உள்ளவருக்குச் சி.டி.4 என்னும் அணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கினால் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களும், இரண்டு வாரத்துக்கு மேல் தலைவலியும் காய்ச்சலும் விடாமல், கழுத்து விறைப்பு, வாந்தி, பார்வை மங்கல் எதுவும் சேர்ந்தால், மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு மருத்துவரிடம் நோயைச் சொல்லும்போது, புறா எச்சம் வாரியதையும் கோழி எருவைப் புரட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம்.